எஸ்.க்யூ.எல் சர்வரில் காப்புநகல், லாக், மீட்டெடுப்பு: புதிதாகப் பொறுப்பேற்போருக்கான வழிகாட்டி

மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல் சர்வரில் இயங்கும் ஒரு தரவுத்தளத்தைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு, அதற்கென்று பயிற்சி பெறாத ஒருவரிடம் வந்து சேர்வது சிறு, நடுத்தர அலுவலகங்களில் வழக்கமாக நடப்பதுதான். நிரல் எழுதுபவரோ, நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவரோ, கணக்குப் பிரிவில் கணினி தெரிந்தவரோ அதை ஏற்றுக்கொள்கிறார். அவருக்காகவே இந்தக் கட்டுரை. காப்புநகல் எடுக்கும் கட்டளைகளை ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொண்டுவிடலாம். எந்த வகை நகலை எப்போது எடுப்பது, லாக் ஏன் வளர்ந்துகொண்டே போகிறது, எல்லாம் கெட்டுப்போன ஒரு நாளில் எந்தக் கோப்பை எந்த வரிசையில் கொண்டுவருவது என்பவைதான் நிதானமாகக் கற்க வேண்டியவை. மீட்டெடுக்கும் நாளை முதலில் கற்பனை செய்து, அங்கிருந்து பின்னோக்கிக் காப்புநகலைத் திட்டமிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கீழே வரும் படிகள் யாவும் அதை ஒட்டியே அமைந்துள்ளன.

முதலில் இரண்டு எண்கள்

எந்தக் கட்டளையையும் தொடுவதற்கு முன்னால், அந்தத் தரவுத்தளத்தைப் பயன்படுத்தும் பிரிவின் பொறுப்பாளரிடம் சென்று இரண்டு கேள்விகளுக்கு விடை வாங்கி வாருங்கள். சர்வர் இந்த நொடியில் நின்றுபோனால், கடைசியாகப் பதிந்த எத்தனை நிமிடத் தரவை அவர்களால் மறுபடி கையால் பதிந்துகொள்ள முடியும்? வேலை எத்தனை நேரம் நின்றால் அவர்களால் தாங்க முடியும்?

ஒரு மொத்த மருந்து வணிகத்தின் பில்லிங் தரவுத்தளத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அதற்கு ‘விற்பனை’ என்று பெயரிடுவோம். கடைசி 15 நிமிட பில்களின் தாள் நகல் மேசையிலேயே இருக்கும் என்பதால் அவ்வளவை மறுபடி பதிந்துவிடலாம். ஒரு முழு நாளின் பில்களைப் பதிய முடியாது. கவுன்டர் 2 மணி நேரத்துக்கு மேல் மூடியிருக்கக் கூடாது. ஆக, 15 நிமிடம், 2 மணி நேரம். முதல் எண் காப்புநகல்களுக்கு இடையிலான இடைவெளியைத் தீர்மானிக்கிறது. இரண்டாம் எண் மீட்டெடுக்கும் வழியைத் தீர்மானிக்கிறது. ‘எதுவுமே போகக் கூடாது’ என்ற விடை வந்தால் அதோடு திரும்பிவிடாதீர்கள். அதற்கு ஆகக்கூடிய கூடுதல் சர்வர், உரிமக் கட்டணம் ஆகியவற்றின் தொகையைச் சொன்னதும் அவர்களுடைய உண்மையான எண் வெளியே வரும். ஒத்துக்கொண்ட எண்களை மின்னஞ்சலில் எழுதி, பொறுப்பாளரின் ஒப்புதலையும் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

லாக் என்பது என்ன செய்கிறது

ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் குறைந்தது இரண்டு கோப்புகள் இருக்கும். எம்.டி.எஃப் என்று முடியும் கோப்பு தரவைத் தாங்குகிறது, எல்.டி.எஃப் என்று முடியும் கோப்பு பரிவர்த்தனைப் பதிவைத் தாங்குகிறது. இந்த இரண்டாவது கோப்பைத்தான் எல்லோரும் லாக் என்கிறார்கள். புதியவர்கள் அதை ஏதோ குறிப்புகள் சேரும் இடம் என்று எண்ணி, இடம் போதாதபோது அழித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தை முதலிலேயே களைந்துவிட வேண்டும், ஏனெனில் லாக் இல்லாமல் தரவுக் கோப்பை நம்ப முடியாது.

பில் ஒன்று பதியப்படும்போது நடப்பதைப் பார்ப்போம். தரவு 8 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாகச் சேமிக்கப்படுகிறது. சர்வர் உரிய பக்கத்தை நினைவகத்துக்குக் கொண்டுவந்து அங்கேயே மாற்றுகிறது. அந்த மாற்றத்தின் விவரத்தை லாக் பதிவாகவும் உருவாக்குகிறது. பரிவர்த்தனை முடிந்தது, அதாவது கமிட் ஆனது என்று பயன்பாட்டுக்கு விடை சொல்லும் முன்பு அந்த லாக் பதிவுகள் வட்டில் எழுதப்பட்டுவிடுகின்றன. மாறிய தரவுப் பக்கமோ பிறகு, மாறிய பக்கங்களை மொத்தமாக வட்டில் எழுதும் செக்பாயின்ட் எனப்படும் செயல் நடக்கும்போதோ நினைவகத்தில் இடம் தேவைப்படும்போதோதான் எம்.டி.எஃப் கோப்புக்குப் போகிறது. கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல: நடவடிக்கை முதலில் குறிப்பேட்டில் ஏறுகிறது, அங்கிருந்து பேரேட்டுக்கு எடுத்தெழுதப்படுகிறது.

இதனால் எந்த நொடியிலும் தரவுக் கோப்பு சற்றுப் பின்தங்கியே இருக்கும். மின்சாரம் திடீரென்று நின்று சர்வர் மறுபடி எழும்போது, அது லாக்கைப் படித்து மூன்று கட்டங்களாகத் தன்னைச் சீர்செய்துகொள்கிறது. முதலில், கடைசிச் செக்பாயின்டுக்குப் பிறகு என்னவெல்லாம் நடந்தன, எந்தப் பரிவர்த்தனைகள் முடியாமல் நின்றன என்று ஆராய்கிறது. அடுத்து, தரவுக் கோப்புக்கு வந்து சேராத மாற்றங்களை மறுபடி செய்கிறது. கடைசியாக, கமிட் ஆகாதவற்றைத் திருப்பி எடுக்கிறது. இந்த முறைக்கு ஏரிஸ் என்று பெயர். 1992-இல் இதை விரிவாக விளக்கி வெளிவந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர், அப்போது ஐ.பி.எம் நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த சி. மோகன், சென்னை ஐ.ஐ.டியில் படித்தவர். ஐ.பி.எம்மின் டி.பி.2 முதல் எஸ்.க்யூ.எல் சர்வர் வரை பல தரவுத்தளங்களின் மீட்பு இந்த அடிப்படையில்தான் நடக்கிறது. நாள்தோறும் நாம் நம்பியிருக்கும் ஒன்றின் பின்னால் யாருடைய உழைப்பு இருக்கிறது என்பதை அறிந்துவைத்திருப்பது நல்லது என்பதால் இதைச் சொன்னேன்.

லாக் கோப்பு உள்ளே பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பதிவுகள் வரிசையாக ஏறிக்கொண்டே போய், கடைசித் துண்டு நிரம்பியதும் முதல் துண்டுக்குத் திரும்புகின்றன. முதல் துண்டு விடுவிக்கப்பட்டிருந்தால் மட்டுமே அது நடக்கும், இல்லையென்றால் கோப்பு வளரும். ஒவ்வொரு பதிவுக்கும் ஏறுமுகமான ஒரு வரிசை எண் உண்டு. மீட்டெடுக்கும்போது எந்தக் காப்புநகலை எதன் பின் சேர்ப்பது என்பதை சர்வர் முடிவுசெய்வது இந்த எண்ணைக் கொண்டுதான். கோப்பின் பெயரோ தேதியோ அதற்குப் பொருட்டல்ல.

மீட்பு முறையைச் சரிபார்த்தல்

ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் மீட்பு முறை என்று ஓர் அமைப்பு உண்டு. சிம்பிள், ஃபுல், பல்க் லாக்டு என மூன்று வகைகள். சிம்பிள் முறையில், செக்பாயின்ட் நடந்தபின், தேவையற்றுப்போன லாக் துண்டுகளை சர்வரே விடுவித்துக்கொள்கிறது. அங்கே லாக் காப்புநகல் எடுக்க வழியில்லை. எனவே கடைசியாக எடுத்த முழு நகலுக்கோ, அதன்பின் மாறியவற்றை மட்டும் எடுக்கும் வேறுபாட்டு நகலுக்கோதான் திரும்ப முடியும். ஃபுல் முறையில், லாக் காப்புநகல் எடுக்கப்படும்வரை ஒரு துண்டும் விடுவிக்கப்படுவதில்லை. அதற்குப் பயனாக, எந்த நிமிடத்துக்கு வேண்டுமானாலும் திரும்ப முடிகிறது. பல்க் லாக்டு என்பது பெரிய தரவு ஏற்றங்களின்போது தற்காலிகமாகப் பயன்படுத்துவது. தொடக்கத்தில் அதை மறந்துவிடலாம்.

நம் எடுத்துக்காட்டில் 15 நிமிடம் என்ற எண் இருப்பதால் ஃபுல் முறை அவசியம். இரவில் ஒருமுறை வேறிடத்திலிருந்து முழுவதுமாக ஏற்றிக்கொள்ளும் அறிக்கைத் தரவுத்தளமாக இருந்தால் சிம்பிள் போதும்; அதற்கு ஃபுல் வைத்து வேலையைப் பெருக்கிக்கொள்ள வேண்டாம்.

புதிய தரவுத்தளம் தன் மீட்பு முறையை மாடல் என்ற அமைப்புத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஸ்டாண்டர்டு, என்டர்பிரைஸ் பதிப்புகளில் அது இயல்பாகவே ஃபுல் என்றிருக்கும். இதன் விளைவுதான் புதியவர்கள் முதலில் சந்திக்கும் சிக்கல்: தரவுத்தளம் ஃபுல் முறையில் இருக்கிறது, இரவுதோறும் முழுக் காப்புநகலும் ஒழுங்காக எடுக்கப்படுகிறது, ஆனால் லாக் காப்புநகலை யாரும் அமைக்கவில்லை. முழுக் காப்புநகல் லாக்கை விடுவிக்காது. 20 ஜிகாபைட் தரவுக்கு 200 ஜிகாபைட் லாக் வளர்ந்து, வட்டு நிரம்பி, 9002 என்ற பிழை எண்ணோடு பதிவுகள் யாவும் நின்றுபோகின்றன.

அந்த நிலையில் எல்.டி.எஃப் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரைகள் இணையத்தில் கிடைக்கும். தயவுசெய்து அவற்றைக் கேட்காதீர்கள். முடியாத பரிவர்த்தனைகள் லாக்கில் இருக்கும்போது அதை அழித்தால் தரவுத்தளம் திறக்காமலே போகலாம். சிஸ்.டேட்டாபேசஸ் என்ற அமைப்புப் பட்டியலில் லாக்_ரீயூஸ்_வெயிட்_டெஸ்க் என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது. லாக் ஏன் விடுவிக்கப்படவில்லை என்று அது நேராகச் சொல்லிவிடும். லாக் பேக்கப் என்றிருந்தால், இடமுள்ள வேறு வட்டுக்கு லாக் காப்புநகல் எடுக்க வேண்டும். ஆக்டிவ் டிரான்ஸாக்‌ஷன் என்றிருந்தால், யாரோ தொடங்கி முடிக்காமல் விட்ட பரிவர்த்தனையைத் தேடிப் பிடிக்க வேண்டும். அப்போது எத்தனை லாக் நகல் எடுத்தாலும் அந்த இடம் விடுபடாது.

லாக் நகல் எடுத்தபின் கோப்பின் அளவு குறையவில்லையே என்று பதற வேண்டாம். உள்ளே இடம் விடுபடுகிறது. கோப்பு அதே அளவில் நிற்கிறது. இயல்புக்கு மாறாக வளர்ந்திருந்தால் ஒருமுறை சுருக்கி, வழக்கமான தேவைக்கு ஏற்ற அளவில் நிறுத்திவிடலாம். ஒவ்வொரு இரவும் சுருக்கும் வேலையை அமைப்பது தவறு, ஏனெனில் பகலில் அது மறுபடி வளரத்தான் செய்யும், வளரும் ஒவ்வொரு முறையும் பதிவுகள் காத்திருக்க நேரும். தானாக வளரும் அளவைச் சதவீதமாக வைக்காமல் நிலையான மெகாபைட் எண்ணாக வையுங்கள்.

ஒரு நுட்பத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சிம்பிளிலிருந்து ஃபுல்லுக்கு மாற்றிய கையோடு லாக் தொடர் தொடங்கிவிடுவதில்லை. அதன்பின் முதல் முழுக் காப்புநகல் எடுக்கப்படும்வரை தரவுத்தளம் உள்ளுக்குள் சிம்பிள் போலவேதான் நடந்துகொள்கிறது. எனவே மாற்றியவுடன் ஒரு முழு நகல் எடுங்கள்.

மூன்று வகை நகல்களும் கால அட்டவணையும்

முழுக் காப்புநகல் தரவு முழுவதையும் எடுக்கிறது. எடுத்துக்கொண்டிருக்கும்போதே நடக்கும் மாற்றங்களுக்குத் தேவையான லாக் பகுதியையும் சேர்த்துக்கொள்வதால், மீட்கும்போது ஏறக்குறைய நகல் முடிந்த நேரத்தின் நிலை கிடைக்கிறது. அது ஓடும்போது பயனர்களை வெளியேற்ற வேண்டியதில்லை. வேறுபாட்டுக் காப்புநகல், கடைசி முழு நகலுக்குப் பிறகு மாறிய பகுதிகளை மட்டும் எடுக்கிறது. செவ்வாய்க்கிழமை நகலில் திங்கட்கிழமை மாற்றங்களும் இருக்கும் என்பதால், மீட்கும்போது கடைசி வேறுபாட்டு நகல் ஒன்றே போதும். லாக் காப்புநகல், முந்தைய லாக் நகல் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. இங்கே ஒன்று தொலைந்தாலும் அதற்குப் பிந்தியவை பயன்படாது.

‘விற்பனை’ தரவுத்தளத்துக்கு நான் அமைக்கும் அட்டவணை இது: ஞாயிறு இரவு 1 மணிக்கு (அதாவது சனி நள்ளிரவு கழிந்து) முழு நகல், மற்ற நாள்களில் இரவு 1 மணிக்கு வேறுபாட்டு நகல், நாள் முழுவதும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை லாக் நகல். ஒரு நாளைக்கு 96 லாக் கோப்புகள் சேரும் என்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். அடிக்கடி எடுத்தால் ஒவ்வொன்றும் சிறியதாக இருக்கும்; ஒரு நாளைக்கான மொத்த அளவு ஏறக்குறைய மாறாது.

கட்டளைகளை எஸ்.க்யூ.எல் சர்வர் ஏஜென்ட் என்ற கருவியில் வேலைகளாகப் பதிந்து நேரம் குறிக்கலாம். எக்ஸ்பிரஸ் என்ற இலவசப் பதிப்பில் ஏஜென்ட் கிடையாது. அங்கே விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் வழியாக எஸ்.க்யூ.எல்.கமாண்ட் கருவியை இயக்க வேண்டும். சொந்தமாக எழுதத் தயங்குபவர்கள், ஓலா ஹாலென்கிரென் இலவசமாக வெளியிட்டுவரும் பராமரிப்பு நிரல்களைப் பயன்படுத்தலாம். உலகெங்கும் பலர் அவற்றை நம்பி நடத்துகிறார்கள். எந்த வழியாக இருந்தாலும் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

செக்சம் என்ற விருப்பத்தைச் சேருங்கள். அப்போது சர்வர் ஒவ்வொரு பக்கத்தையும் படிக்கும்போதே அது சிதைந்திருக்கிறதா என்று சரிபார்த்து, சிதைந்திருந்தால் நகல் எடுப்பதை நிறுத்திப் பிழை காட்டும். கம்ப்ரஷன் விருப்பத்தையும் சேர்த்தால் கோப்பு சிறியதாகும், பெரும்பாலும் நேரமும் மிச்சமாகும். ஒவ்வொரு நகலுக்கும் தேதி, நேரம் கொண்ட தனிக் கோப்புப் பெயர் கொடுங்கள். ஒரே பெயருக்கு எழுதினால், வேறாகச் சொல்லாதவரை, அது பழைய நகலின் பின்னாலேயே சேர்த்துக்கொண்டு போகும். நெட்வொர்க் பங்கிடத்துக்கு எழுதுவதாக இருந்தால் முழுப் பாதையைக் கொடுங்கள், ஏனெனில் உங்கள் கணக்கில் இணைத்துவைத்திருக்கும் டிரைவ் எழுத்து சர்வர் சேவையின் கணக்குக்குத் தெரியாது. அந்தச் சேவைக் கணக்குக்கு அங்கே எழுதும் உரிமையும் வேண்டும்.

நிரலாளர் ஒருவர் சோதனைக்காக இடையில் ஒரு முழு நகல் கேட்கும் நாள் வரும். அப்போது காப்பி ஒன்லி என்ற விருப்பத்தோடு எடுத்துக்கொடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் அடுத்த வேறுபாட்டு நகல்கள் யாவும் அந்த இடைக்கால நகலையே அடிப்படையாகக் கொண்டுவிடும். அவர் வேலை முடிந்ததும் அதை அழித்திருப்பார். மெய்நிகர் எந்திரங்களை நகலெடுக்கும் சில மென்பொருள்களும் இதே விளைவை உண்டாக்கக்கூடும் என்பதால், அவற்றின் அமைப்பையும் நெட்வொர்க் பொறுப்பாளருடன் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

எங்கே, எவ்வளவு நாள்

தரவு இருக்கும் வட்டிலேயே காப்புநகலையும் வைப்பது காப்பு ஆகாது. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு கட்டடத்தில் என்ற பழைய விதி இன்றும் பொருந்துகிறது. பணயத்தொகை கேட்கும் வைரஸ்களின் காலத்தில் அதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: சர்வரை நிர்வகிக்கும் கணக்கால் அழிக்க முடியாத ஓர் இடத்தில் ஒரு பிரதி இருக்க வேண்டும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் கைமாறினால், அது எட்டக்கூடிய நகல்கள் எல்லாம் தரவோடு சேர்ந்தே போய்விடும். இன்னொரு சர்வரில் உடனுக்குடன் ஓடும் பிரதி இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். தவறான ஓர் அழிப்புக் கட்டளை அந்தப் பிரதிக்கும் அடுத்த நொடியே போய்ச் சேர்ந்துவிடும். அது வேறு தேவைக்கானது.

புதிய முழு நகல் வந்தவுடன் பழைய லாக் நகல்களை அழித்துவிடாதீர்கள். முழு நகல் எடுப்பது லாக் தொடரை முறிப்பதில்லை. எனவே இந்த ஞாயிற்றின் முழு நகல் கெட்டுப்போயிருந்தாலும், சென்ற ஞாயிற்றின் நகலிலிருந்து தொடங்கி இடைப்பட்ட லாக்குகளை வரிசையாகச் சேர்த்து இன்றைய நிலைக்கு வந்துவிடலாம். குறைந்தது இரண்டு முழு நகல்களுக்கு உரிய லாக்குகளாவது கையில் இருக்கட்டும்.

சரிபார்த்தல்

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை, இந்தப் பணிக்கு வரும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம் நடத்தும் அவர்கள் பயன்படுத்தியது போஸ்ட்கிரஸ் என்ற வேறொரு தரவுத்தள மென்பொருள். பிரதிச் சர்வரில் தரவுக் கோப்புறையை அழிக்க எண்ணிய பொறியாளர் ஒருவர், தவறுதலாக முதன்மைச் சர்வரில் அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பப்பட்ட காப்புநகலைத் தேடியபோது அங்கே ஒன்றுமே இல்லை: நகல் எடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாததால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களோ, பெறும் சர்வரால் மறுக்கப்பட்டு யாருக்கும் வந்து சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு முன் கையால் எடுக்கப்பட்ட ஒரு வட்டுப் பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த இடைவெளியின் தரவு போனது போனதுதான். நடந்தது அனைத்தையும் அந்நிறுவனம் மறைக்காமல் வெளியிட்டதால்தான் நாம் இன்று அதிலிருந்து கற்க முடிகிறது.

ஆகவே, தோல்வி அறிவிப்பை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. ஒவ்வொரு காலையிலும் எம்.எஸ்.டி.பி என்ற அமைப்புத் தரவுத்தளத்தின் பேக்கப்செட் அட்டவணையைப் படித்து, ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் கடைசியாக வெற்றிகரமாக எடுக்கப்பட்ட முழு நகல், வேறுபாட்டு நகல், லாக் நகல் ஆகியவற்றின் நேரங்களை மின்னஞ்சலாக அனுப்பும் வேலை ஒன்றை அமையுங்கள். அந்த மின்னஞ்சல் வராத காலையே ஓர் எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரெஸ்டோர் வெரிஃபை ஒன்லி என்ற கட்டளை, கோப்பு படிக்கத்தக்கதாக இருக்கிறதா என்று பார்க்கிறது. செக்சம் சேர்த்து எடுத்த நகலென்றால் அதையும் ஒப்பிடுகிறது. பயனுள்ளதுதான், ஆனால் அதோடு நிற்கக் கூடாது. வாரம் ஒருமுறை, வேறொரு எந்திரத்தில் முழு நகல், வேறுபாட்டு நகல், சில லாக் நகல்கள் ஆகியவற்றை உண்மையாகவே மீட்டெடுத்து, அங்கே டி.பி.சி.சி செக்டிபி கட்டளையை ஓட்டுங்கள். நகல் நல்லதா என்பதும், தரவுத்தளம் உள்ளே சிதையாமல் இருக்கிறதா என்பதும் ஒரே வேலையில் தெரிந்துவிடும். முதன்மைச் சர்வருக்கும் சுமை இல்லை. மீட்டெடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை ஒவ்வொரு முறையும் குறித்து, ஒப்புக்கொண்ட 2 மணி நேரத்தோடு ஒப்பிடுங்கள். தரவு வளர வளர அந்த நேரமும் வளரும். தேவையின்றிப் பெருத்த லாக் கோப்பும் இதை நீட்டும், ஏனெனில் மீட்டெடுக்கும்போது சர்வர் அவ்வளவு பெரிய லாக் கோப்பை உருவாக்கி முழுவதும் சுழியத்தால் நிரப்ப வேண்டியிருக்கிறது. சோதனை எந்திரத்தின் பதிப்பு முதன்மைச் சர்வரின் பதிப்பைவிடப் பழையதாக இருக்கக் கூடாது. புதிய பதிப்பில் எடுத்த நகலைப் பழைய பதிப்பு திறக்காது.

மீட்டெடுத்தல்: யாரோ தவறான கட்டளை கொடுத்த நாள்

புதன்கிழமை காலை 11:38-க்கு ஒருவர் நிபந்தனை எழுத மறந்து, மருந்து விலை அட்டவணை முழுவதையும் ஒரே விலையாக மாற்றிவிட்டார் என்று கொள்வோம். தெரியவந்தது 11:52-க்கு. அந்த 14 நிமிடத்தில் சரியான பிற பதிவுகளும் நடந்திருக்கின்றன. இங்கே முதன்மைத் தரவுத்தளத்தின் மேலேயே மீட்டெடுப்பது பெரும்பாலும் தவறான முடிவு. நல்ல பதிவுகளும் போய்விடும். வேறு பெயரில், ‘விற்பனை_மீட்பு’ என்று ஒரு பிரதியைப் பக்கத்தில் எழுப்பி, விலை அட்டவணையை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்வதே நல்லது.

முதலில் புதிய பில்கள் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். உடனே ஒரு லாக் நகல் எடுங்கள். பிறகு ரெஸ்டோர் ஃபைல்லிஸ்ட் ஒன்லி கட்டளையால், நகலுக்குள் இருக்கும் கோப்புகளின் உட்பெயர்களைத் தெரிந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை முழு நகலைப் புதிய பெயரில், மூவ் என்ற விருப்பத்தால் வேறு கோப்பு இடங்களைக் குறிப்பிட்டு, நோ ரெக்கவரி நிலையில் மீட்டெடுங்கள். அதன்மேல் புதன் இரவு 1 மணி வேறுபாட்டு நகலை நோ ரெக்கவரி நிலையில் சேருங்கள். அதன்பின் இரவு 1:15 முதல் காலை 11:45 வரையான 43 லாக் நகல்கள். கடைசியாக வரும் 11:45 கோப்பில்தான் 11:30 முதல் நடந்தவை இருக்கின்றன. அதைச் சேர்க்கும்போது ஸ்டாப் அட் என்ற விருப்பத்தில் 11:37 என்று நேரம் கொடுத்து, ரெக்கவரி நிலையில் முடியுங்கள்.

நோ ரெக்கவரி என்பதை எந்த இடத்திலும் மறக்கக் கூடாது. எதுவும் சொல்லாவிட்டால் சர்வர் ரெக்கவரி என்றே எடுத்துக்கொண்டு, முடியாத பரிவர்த்தனைகளைத் திருப்பி எடுத்துத் தரவுத்தளத்தைத் திறந்துவிடும். திறந்ததன் மேல் அடுத்த லாக்கைச் சேர்க்க முடியாது. முழு நகலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். மாறாக, எல்லாம் சேர்த்த பிறகும் தரவுத்தளம் ‘ரெஸ்டோரிங்’ என்றே நின்றால் பயப்பட வேண்டாம். சேர்க்க வேண்டியது இனி எதுவும் இல்லை என்று உறுதியானபின், கோப்பு எதையும் குறிப்பிடாமல் ரெக்கவரி கட்டளையை மட்டும் கொடுத்தால் திறந்துவிடும்.

தவறு நடந்த நேரம் சரியாகத் தெரியாதபோது ஸ்டாண்ட்பை என்ற நிலை கைகொடுக்கும். ஒவ்வொரு லாக்கையும் அந்த நிலையில் சேர்த்தால், தரவுத்தளத்தைப் படிக்க மட்டும் திறந்து பார்க்கலாம். விலைகள் சரியாக இருந்தால் அடுத்த லாக்கைச் சேர்க்கலாம். எஸ்.க்யூ.எல் சர்வரை நிர்வகிக்கும் கருவியான மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவின் மீட்டெடுப்புச் சாளரம் கோப்பு வரிசையைத் தானே கட்டித் தரும் என்பதால் வசதியானது. ஆனால் வேறு பெயரில் மீட்கும்போது அதன் விருப்பங்கள் பக்கத்தில், டெயில் லாக் நகல் (கடைசி லாக் நகலுக்குப் பின் சேர்ந்த வால்பகுதியின் நகல்) எடுத்து மூலத் தரவுத்தளத்தை ரெஸ்டோரிங் நிலையில் விடும் பெட்டி தேர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். தேர்ந்திருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் ‘விற்பனை’ தரவுத்தளமே நின்றுபோகும்.

மீட்டெடுத்தல்: வட்டு போன நாள்

தரவுக் கோப்பு இருந்த வட்டு பிற்பகல் 3:50-க்குச் செயலிழந்தது, லாக் இருந்த வட்டு நலமாக இருக்கிறது என்றால், கை பரபரத்தாலும் மீட்டெடுப்பைத் தொடங்காதீர்கள். கடைசி லாக் நகல் 3:45-க்கு எடுத்தது. அதன்பின் வந்த 5 நிமிடப் பதிவுகள் எல்.டி.எஃப் கோப்பில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. நோ ட்ரங்கேட் என்ற விருப்பத்தோடு அந்த வாலை நகலெடுங்கள். தரவுக் கோப்பு இல்லாவிட்டாலும் அது நடக்கும். இதற்குப் பெயர்தான் டெயில் லாக் காப்புநகல். பிறகு முழு நகல், வேறுபாட்டு நகல், இரவு 1:15 முதல் பிற்பகல் 3:45 வரையான லாக்குகள், கடைசியில் இந்த வால், ரெக்கவரி. ஒரு பில்கூடப் போகாது. தரவையும் லாக்கையும் வெவ்வேறு வட்டுகளில் வைக்கச் சொல்வது இந்த 5 நிமிடத்துக்காகவும்தான்.

அமைப்புத் தரவுத்தளங்களும் சாவிகளும்

மாஸ்டர் தரவுத்தளத்தில் உள்நுழைவுக் கணக்குகளும், எம்.எஸ்.டி.பியில் ஏஜென்ட் வேலைகளும் காப்புநகல் வரலாறும் இருக்கின்றன. இரண்டுக்கும் இரவுதோறும் முழு நகல் எடுங்கள், மாடலுக்கும் எடுத்துவிடலாம். டெம்ப்டிபி ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிதாக உருவாவதால் அதற்கு நகல் எடுக்க முடியாது, தேவையும் இல்லை.

புதிய சர்வரில் மீட்டெடுத்த பிறகு பயன்பாடு உள்ளே நுழைய முடியவில்லை என்று புகார் வந்தால், பெரும்பாலும் காரணம் இதுதான்: தரவுத்தளத்துக்குள் இருக்கும் பயனர் மீண்டுவிட்டார், ஆனால் சர்வர் மட்டத்தில் இருக்க வேண்டிய உள்நுழைவுக் கணக்கு அங்கே இல்லை, அல்லது அதே பெயரில் வேறு உள் அடையாளத்தோடு இருக்கிறது. ஆல்டர் யூசர் கட்டளையால் இரண்டையும் இணைத்துவிடலாம். உள்நுழைவுகளை அவற்றின் உள் அடையாளத்தோடு ஒரு நிரலாக எடுத்துவைத்திருந்தால் இந்தச் சிக்கலே எழாது.

தரவுத்தளம் டி.டி.இ எனப்படும் மறையாக்கத்தோடு இயங்கினால், அதற்குரிய சான்றிதழையும் அதன் தனிச்சாவியையும் கோப்பாக எடுத்து, கடவுச்சொல்லோடு, காப்புநகல்கள் இருக்கும் இடத்திலிருந்து வேறான ஓரிடத்தில் வையுங்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வேறு எந்தச் சர்வரிலும் அந்த நகல்களைத் திறக்க இயலாது. மறையாக்கத்தை இயக்கும் அன்றே இதைச் செய்துவிட்டு, சோதனை எந்திரத்தில் சான்றிதழை ஏற்றி ஒருமுறை மீட்டெடுத்துப் பார்த்த பின்பே அந்த வேலையை முடிந்ததாகக் கணக்கில் எழுதுங்கள்.